வீட்டு ஸ்டூடியோவுக்கு எஃபெக்ட்ஸ் பிராசஸர் வாங்கப் போறீங்களா? எக்கோவைப் பதிவுல ஏத்தாதீங்க!

மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப். இந்த மூணும் இருந்தா கள்ளக்குறிச்சியில் வீட்டு அறையிலேயே பாட்டு பதிவு செய்துவிடலாம். ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவை அமைத்தது 1989-ல். 'ரோஜா' வந்தது 1992-ல்தான்.

ஆனால், பதிவு செய்த குரலைப் போட்டுக் கேட்டால் சப்புன்னு இருக்கும். சினிமா பாட்டில் கேட்கிற அந்த நிறைவு வராது. உடனே எஃபெக்ட்ஸ் பிராசஸர் தேட ஆரம்பிப்போம்.

அது என்ன செய்யும்?

குரலுக்கு ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்), டிலே (எதிரொலி), கம்ப்ரஸர் (ஏறி இறங்கும் சத்தத்தைச் சமன் செய்வது) போன்றவற்றைச் சேர்க்கும் கருவி இது. 1985-ல் யமஹாவின் எஸ்பிஎக்ஸ்90 வந்த காலத்தில் இதற்குத் தனிப் பெட்டிதான் வேண்டும். இன்று அதே வேலையை லேப்டாப்பில் உள்ள மென்பொருளே செய்கிறது. ஆடாசிட்டி முழுக்க இலவசம். 2022-ல் வந்த 3.2 பதிப்பிலிருந்து பாட்டு ஓடும்போதே எஃபெக்டை மாற்றிக் கேட்கலாம். வால்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற ரிவெர்ப், டிலே பிளக்-இன்னும் இலவசம்தான். அதனால் வீட்டுப் பதிவுக்கு மட்டும்னா, பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல மைக்கில் போடுங்க.

அப்போ பெட்டியே வேண்டாமா?

திருவிழா மேடையிலும் பாடுறீங்கன்னா வேணும். எஃபெக்ட் உள்ளேயே இருக்கும் சின்ன மிக்ஸர் வாங்கினால் மேடை, வீடு ரெண்டுக்கும் ஆகும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ அப்படிப்பட்டது. 24 எஃபெக்ட்கள், யுஎஸ்பி இணைப்பு இரண்டும் உண்டு.

இங்கேதான் கவனம் வேணும். இதுபோன்ற மிக்ஸர்கள் பலவற்றில், மெயின் அவுட்டில் போகிற கலவைதான் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கும் போகும். எக்கோவைத் திறந்து வைத்தால் அதுவும் குரலோடு பதிவாகிவிடும். குழம்பில் உப்பு கூடின கதைதான். எந்த மென்பொருளாலும் அதை முழுசா பிரித்தெடுக்க முடியாது. பதிவின்போது எஃபெக்ட் குமிழை மூடிவிட்டு, பிறகு மென்பொருளில் சேருங்க.

'ஹெட்போனில் எக்கோ கேட்டாத்தான் பாட வருது' என்பவர்கள் மென்பொருள் எக்கோவையே கேட்டபடி பாடலாம். தாமதம்தான் சிக்கல். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் அது மட்டுமே 21 மில்லி விநாடி, பாடுறவருக்கு இடறும். 128-க்கு இறக்கினால் 3 மில்லி விநாடிக்கும் கீழே வந்துவிடும். பழைய லேப்டாப் திணறினால் மற்ற பிளக்-இன்களை அணைத்துவிடுங்க.

விலை குறைவுன்னு கிட்டார் பிராசஸரைக் குரலுக்கு வாங்கிடாதீங்க. பெரும்பாலானவற்றில் மைக் கேபிள் நேரடியாகச் சேராது, கண்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் வராது. பழைய பெட்டி வாங்கினால் அடாப்டரோடு வாங்குங்க. சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் வேணும். கையில் இருக்கும் டிசி அடாப்டர் உதவாது.

மலையில் பதிவு செய்றவங்களுக்கு

கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மூத்தவர்கள் பாடும் பாட்டைப் பதிவு செய்யப் போறீங்கன்னா எஃபெக்ட் பெட்டியைத் தூக்கவே வேண்டாம். அதுக்கு பிளக் பாயின்ட் வேணும். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. வெள்ளிமலையில் ஒரு பாட்டி இன்று பாடும் பாட்டை அடுத்த வருஷம் அதேபோல் பாடுவார் என்று சொல்ல முடியாது. அதில் எக்கோ கலந்துவிட்டால், பின்னாளில் சொல் புரியாமல் கேட்கிறவருக்கு வழியே இல்லை.

தகரக் கூரை வீடு என்றால் மழை விட்ட பிறகு தொடங்குங்க. பாடுறவருக்குப் பின்னால் கனமான போர்வையோ ஜமுக்காளமோ தொங்கவிட்டால் சுவரின் எதிரொலி குறையும். எஃபெக்ட் சேர்க்காத மூலப் பதிவை 'வேவ்' கோப்பாக ரெண்டு இடத்தில் சேமிங்க. வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் எம்பி3 போதும்.