மனம் ஏற்கும் சொல்

தனக்குத்தானே நல்வாக்குச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் நான்சி நகரில் வாழ்ந்த மருந்தாளர் எமில் கூவே (1857–1926). நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தேறி வருகிறேன் என்று காலையும் இரவும் இருபது முறை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சிட்ட கயிறு. அவர் ‘நான் நலமாகிவிட்டேன்’ என்று சொல்லச் சொல்லவில்லை, ‘தேறி வருகிறேன்’ என்றுதான் சொல்லச் சொன்னார். மன உறுதியும் உள்ளே ஊறிய எண்ணமும் மோதினால் எண்ணமே வெல்லும் என்பதும் அவர் சொன்னதே. இன்று ‘நான் கோடீஸ்வரன்’, ‘நான் வெற்றியாளன்’ என்று ஓதச் சொல்பவர்கள் இந்த நிதானத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

அதன் விளைவை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும், ‘நான் அன்புக்குரிய மனிதர்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மதிப்பு மிகுந்தவர்களுக்கு அது சிறிது தெம்பு தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட அதிகமாகச் சோர்ந்தார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: நம்ப முடியாத புகழ்ச்சியைச் சொல்லும்போது, அதை மறுக்கும் பழைய நினைவுகளையும் மனம் எழுப்பிவிடுகிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், சொல்லிச் சொல்லியே நம்பிக்கை வந்துவிடும் என்பார்கள் சிலர். மனம் எதிர்க்காத சொல்லுக்கு அது பொருந்தலாம். எதிர்க்கும் சொல்லைத் திணிக்கத் திணிக்க எதிர்ப்பும் வளரும்.

அப்படியானால் இப்பழக்கமே வீண் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. 1988இல் உளவியலாளர் கிளாட் ஸ்டீல் வேறொரு வழியை முன்வைத்தார்: தன்னைப் புகழ வேண்டாம், தனக்கு முக்கியமானது எது என்பதை நினைவுகூர்ந்தாலே போதும், நெருக்கடியைத் தாங்கும் வலு கிடைக்கும். இதைச் சோதிக்க, அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் தாம் போற்றும் விழுமியங்களைப் பற்றிச் சில நிமிடங்கள் எழுதினார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஜெஃப்ரி கோஹன் குழுவின் அந்த ஆய்வு 2006இல் வெளியானது. பிற்பாடு வேறு பள்ளிகளில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்த வழி யாரையும் பொய் சொல்ல வைப்பதில்லை. அதனால்தான் இதை நான் ஆதரிக்கிறேன். ‘என் குடும்பம் எனக்கு முக்கியம்’, ‘நேற்று ஒரு கணக்கைப் போட்டு முடித்தேன்’ என்பவற்றை எந்த மனமும் மறுக்காது. தேர்வில் தோற்று வந்த பிள்ளையை ‘நான் அறிவாளி’ என்று நூறு முறை சொல்ல வைக்காதீர்கள். அவனால் இன்று எதைச் செய்ய முடியும் என்று கேட்டு, அதையே அவன் வாயால் சொல்ல விடுங்கள்.