கூன் விழுந்த முதுகு நிமிருமா?

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நாவலூர் பஸ் ஸ்டாப்பில் காலை 9 மணிக்கு நின்று பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற இளவட்டங்கள் விறுவிறு என்று நடப்பார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, இடுப்பிலே கையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒரு வயதான அம்மாள் வருவார். பத்தடி நடப்பார். நிற்பார். 2023ல் வசூல் நின்றுபோன டோல்கேட் வரை போவதற்குள் நாலு இடத்தில் உட்காருவார்.

"வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு. இதுக்கு ஏதுப்பா வைத்தியம்?" என்பார்.

வைத்தியம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஏற்றது அல்ல!

ஏன் வளைகிறது?

கழுத்து முதல் இடுப்பு வரை முதுகுத் தண்டில் அசையும் எலும்புகள் 24. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தை போல ஒரு ஜவ்வு. வயது ஏற ஏற ஜவ்வில் நீர் வற்றுகிறது; தேய்கிறது. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் முதுகு அந்தப் பக்கம் சாயும். இடுப்பின் இயற்கையான உள்வளைவு போய்விட்டால் உடம்பே முன்னால் சாயும். பலம் குறைந்த எலும்பு நசுங்கினாலும் கூன் விழும்.

கூடவே நரம்பு போகிற பாதையும் குறுகுகிறது. நடந்தால் கால் மரத்துப் போகும், உட்கார்ந்தால் சுகம். "சும்மா நடக்க முடியலே, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுன்னா எவ்வளவு தூரமும் போவேன்" என்று சில பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கைப்பிடி மேல் சாயும்போது நரம்புக்கு இடம் கிடைக்கிறது.

மெட்ராஸ் டாக்டர்கள் போட்ட கணக்கு

கூன் எல்லாமே வயசுக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. எலும்புக் காசநோயாலும் கூன் விழும். எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து, கூன் கடைசியில் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஒன்றை 1987ல் டாக்டர்கள் எஸ்.ராஜசேகரனும் டி.கே.சண்முகசுந்தரமும் வெளியிட்டார்கள். ராஜசேகரன் பிறகு கோவை கங்கா ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பெயர் பெற்றவர். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பியும் திருகாணியும்

அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற டாக்டர், போலியோவால் முதுகு கோணிய பிள்ளைகளுக்காக ஒரு கம்பியைக் கண்டுபிடித்து 1962ல் உலகுக்குச் சொன்னார். எலும்புக்குள்ளேயே திருகாணி இறக்கும் முறையை பிரான்சில் ராய் காமில் கொண்டு வந்தார். இன்றைய ஆபரேஷனுக்கு இவைதான் அஸ்திவாரம்.

நரம்பை அமுக்குகிற எலும்பை முதலில் செதுக்கி எடுக்கிறார்கள். எலும்புகளில் திருகாணி போட்டு, இரண்டு பக்கமும் கம்பி பூட்டி நிமிர்த்துகிறார்கள். கூன் இறுகிப் போயிருந்தால் எலும்பிலேயே ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டி வரும். பல மணி நேரம் பிடிக்கிற பெரிய ஆபரேஷன் இது.

ஆபத்து உண்டா?

உண்டு. மறைக்கக் கூடாது. கடினமான முதுகுக் கோணலுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 272 பெரியவர்களைப் பல நாடுகளில் கவனித்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். வீடு திரும்பும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காலில் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இது தவிர ரத்த இழப்பு, சீழ், கம்பி உடைதல், மறுபடி ஆபரேஷன் ஆகியவையும் நேரலாம். சர்க்கரை வியாதி, புகைப் பழக்கம், எலும்பு பலவீனம் இருந்தால் ஆபத்து கூடும்.

பலன் இல்லையா? இருக்கிறது. 2019ல் அமெரிக்காவில் வந்த ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடம் கழித்து வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள். செய்துகொள்ளாதவர்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தார்கள். ஆகவே, இருக்கிற வலியைச் சமாளிக்க முடிகிறவர்களுக்கு அவசரம் இல்லை. உடற்பயிற்சி, மாத்திரை, எலும்புச் சத்துக்கு வைத்தியம் என்று பார்க்கலாம்.

ஒன்று மட்டும் அவசரம். திடீரென்று கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்!

கேளுங்கள்

"எத்தனை எலும்பைச் சேர்த்துப் பூட்டுவீர்கள்? பிறகு குனிந்து கோலம் போட முடியுமா? தரையில் சம்மணம் போட முடியுமா?" என்று கேளுங்கள். நிறைய எலும்புகளைப் பூட்டினால் முதுகு நிமிரும்; வளையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அதில் வருகிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன.

"பண்ணிடலாம்மா, நிமிர்ந்து நிக்கலாம்" என்பான் மகன்.

"என்னை நிக்கவெச்சு அழகா பார்க்கப் போறே? கோயில் வரைக்கும் உட்காராம நடந்தாப் போதும்டா" என்பாள் தாய்.

டாக்டரிடம் போகும்போது மகன் முதலில் சொல்ல வேண்டியது, தாய் கேட்ட அதைத்தான்.