மார்கழிப் பனியும் நாயின் மூக்கும்

சென்ற மார்கழியில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். திருவண்ணாமலைக்குச் சற்றுத் தொலைவில் ஏரிப்பாசனக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் கேட்ட கேள்வி இது:

“சார், எங்கள் வீட்டு நாய் மார்கழிக் காலையில் வயலுக்கு வந்தால், கவுதாரி எந்தப் புதரில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய் நின்றுவிடுகிறது. சித்திரையில் அதே நாய் அதே புதரை ஒட்டிப் போனாலும் ஒன்றும் தெரியாததுபோல் கடந்துபோகிறது. வெயிலில்தானே வாசனை அதிகம் வரவேண்டும்? வெப்பநிலை கூடினால் ஆவி அழுத்தம் கூடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஒரு வாரம் போதவில்லை. பதிலைத் தேடிப் புறப்பட்டவன் பனி மூடிய அமெரிக்க வயல்கள்வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மணம் என்பது பொருளே. ஒரு பொருளிலிருந்து பிரிந்த மூலக்கூறுகள் காற்றில் மிதந்து வந்து மூக்கினுள் படிந்தால்தான் நாம் அதை முகர்கிறோம். கொதிக்கும் இரசம் தெருவரை மணக்கிறது. ஆறிப்போன இரசத்தைக் குனிந்து முகர வேண்டியிருக்கிறது. மணமுள்ள கரிமச் சேர்மங்கள் பலவற்றுக்கும் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆவி அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நம் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரி, சித்திரை நண்பகலில் 38 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கோடையில் மணம் மூன்று மடங்குக்கு மேல் வெளிப்பட வேண்டும். ஆகவே மாணவரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது புறப்படும் மணத்தின் கணக்கு. நாய்க்குத் தேவை வந்து சேரும் மணம்.

இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். மார்கழியில், சூரியன் எழுமுன், வாசலில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை சிறிது எழும்பி, பிறகு படுத்துக்கொண்டு, மெல்லிய துணிபோல் நகர்ந்து செல்லும். அதே ஊதுவத்தியை நண்பகலில் கொளுத்தினால் ஒரு சாணுக்குள் புகை சிதறிக் காணாமற்போகும். விடியலில் கிரிவலப் பாதையில் நடந்தவர்கள் இதைப் பெரிய அளவிலேயே பார்த்திருப்பார்கள். தேநீர்க் கடை அடுப்புப் புகை மேலே போகாமல், மரங்களின் இடுப்பளவில் தட்டையாக நிற்கும்.

காரணம் எளியது. தெளிந்த, காற்றற்ற இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழக்கிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து அடர்த்தி கூடுகிறது. கீழே கனமான குளிர்காற்று, மேலே இலேசான வெதுவெதுப்பான காற்று. வழக்கமாக உயரம் கூடினால் வெப்பநிலை குறையும், இங்கே நேர்மாறு. இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பர். கனமானது கீழேயே இருப்பதால் வெப்பச் சலனம் இல்லை, கலக்கலும் இல்லை. புதரிலிருந்து கசியும் கவுதாரியின் மணம் தரையை ஒட்டி, அறுபடாத இழையாக ஓடுகிறது. நாயின் மூக்கும் அந்த உயரத்தில்தானே இருக்கிறது!

சித்திரை நண்பகலில் அண்ணாமலையை ஒட்டிப் பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிடுவதைப் பாருங்கள். சுடுதரையிலிருந்து எழும் காற்றுத்தூண்கள் அவற்றைத் தாங்குகின்றன. பருந்தையே தூக்கும் காற்று மணத்தை விட்டுவைக்குமா? இழையைத் துண்டுதுண்டாகக் கிழித்து மேலே கொண்டுபோய்விடுகிறது.

இன்னொரு காரணம் மண். காய்ந்த மண் துகள்களின் பரப்பு மண மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதற்குப் பரப்புக்கவர்ச்சி என்று பெயர். அதே பரப்பில் நீர் மூலக்கூறு வந்து ஒட்டினால், இவற்றைத் தள்ளிவிட்டுத் தான் இடம்பிடித்துக்கொள்ளும். காய்ந்த மண்பானையில் நீர் தெளித்தவுடன் வாசனை கிளம்புவது இதனால்தான். கோடை மழையின் மண்வாசனையை 1964ஆம் ஆண்டு ஆராய்ந்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர்கள் பேர், தாமஸ் என்ற ஆஸ்திரேலியர் இருவர். நம் நாட்டுக் கன்னோசியிலோ அதை வடித்துக் குப்பியில் அடைத்து அத்தராகவே விற்றுவந்தார்கள்! மார்கழிப் பனித்துளி ஒரு சின்ன மழை. கவுதாரியின் கால் பட்ட இடமெல்லாம் அது மணத்தை விடுவிக்கிறது.

நாயின் நிலையையும் பாருங்கள். வெயிலில் நாய் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. வியர்வையால் உடலைக் குளிர்விக்க அதற்கு வழி போதாது. இரைக்கும் நாய் வாயால் மூச்சு விடும்போது முகர்தல் கெடுகிறது. வெடிமருந்து தேடும் நாய்களிடம் இஸ்ரேலில் செய்த ஆய்வு ஒன்றும், இரைப்பு கூடக் கூடக் கண்டுபிடிக்கும் திறன் குறைவதைக் காட்டியது.

பனிவயலில் ஃபெசன்ட்

குளிர் நல்லது என்றால், கடுங்குளிர் இன்னும் நல்லதா? இதற்கு விடை காணத்தான் அமெரிக்கா போக வேண்டியிருந்தது, புத்தகத்தின் வழியாக.

கவுதாரி, காடை, காட்டுக்கோழி, மயில் எல்லாம் ஒரே குடும்பம். அக்குடும்பத்துக்குப் பெயர் தந்த பறவை ஃபெசன்ட். (செம்போத்தை ஆங்கிலத்தில் காக்கை ஃபெசன்ட் என்று அழைத்துவந்தார்கள். அது குயிலுக்கு உறவு. இந்தக் குடும்பத்துக்கு எவ்வகையிலும் சொந்தமில்லை.) கழுத்தில் வெள்ளை வளையம் கொண்ட சீன ஃபெசன்ட் 1882ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நிலைபெற்றது. தெற்கு டக்கோட்டா மாநிலம் 1943ஆம் ஆண்டு அதைத் தன் மாநிலப் பறவையாகவே ஏற்றுக்கொண்டது. அங்கே உரிமத்தோடு நடக்கும் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கடும்பனிக் காலம்வரை நீள்கிறது. கடைசி வாரங்களில் பூச்சியத்துக்குக் கீழே பத்து இருபது டிகிரி குளிர் இருக்கும். எஞ்சியிருப்பவை துப்பாக்கிச் சத்தத்தையும் நாயையும் அறிந்து தப்பிப் பிழைத்த பறவைகள். அவை சம்பங்கோரை அடர்ந்த சதுப்புகளில் பதுங்கிக்கொள்ளும். நாய் இல்லாமல் அவற்றைக் காண்பது அரிது.

அங்கே இயற்பியல் இரு பக்கமும் இழுக்கிறது. பனி கண்ணுக்கு வெண்மை. ஆனால் அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை அது ஏறக்குறையக் கரும்பொருள். ஆகவே வெப்பத்தை வெகுவாகக் கதிர்வீசித் தானும் குளிர்ந்து, தன்மேல் உள்ள காற்றையும் குளிர்வித்துவிடும். தலைகீழாக்கம் நம் ஊரில் இருப்பதைவிட வலுவாக ஏற்படும். இது நாய்க்குச் சாதகம். ஆனால் 30 டிகிரியிலிருந்து கீழே 10 டிகிரிக்கு இறங்கினால், பத்துப் பத்தாக நான்கு முறை பாதியாக்குங்கள்: மணம் பதினாறில் ஒரு பங்கு. கால்தடத்தில் ஒட்டிய மணம் உறைந்து கிடக்கும். புதுப்பனி விழுந்தால் அதுவும் மூடப்படும். எனவே அங்கே நாய்க்குப் பெரும் துணை தடம் அன்று, உயிரோடிருக்கும் உடலிலிருந்து வரும் மணம். பறவையின் உடல் வெப்பம் வெளியே எந்தக் குளிரானாலும் 41 டிகிரி அளவில் இருக்கும், மூச்சும் வெதுவெதுப்பானது.

ஆக, கடுங்குளிர் நாய்க்குச் சிறந்ததில்லை. ஈரமும் மிதக்குளிரும் அசையாக் காற்றும் கூடிய வேளையே சிறந்தது. நம் மார்கழி விடியல் ஏறக்குறைய அதுதான்!

மூக்கின் பொறியியல்

நம் மூக்கில் மணமறியும் செல்கள் ஐம்பது இலட்சத்திலிருந்து ஒரு கோடிவரை இருக்கலாம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல் என்பர். ஆனால் எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது காற்றோட்டம். நாய் ஒரு நொடிக்கு ஐந்து முறை அளவில் முகர்கிறது. உள்ளிழுக்கும்போது காற்று முன்புறத் துளை வழியே போகிறது. வெளிவிடும்போது அது பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் பாய்கிறது. வெளிவந்த மூச்சு, புதிதாக வரும் மணத்தைக் குலைப்பதில்லை. மாறாக, அந்தத் தாரை தன்னோடு அக்கம்பக்கக் காற்றையும் இழுப்பதால் முன்னாலிருந்து புதுக்காற்று மூக்கை நோக்கி வருகிறது. தரையிலுள்ள துகள்களும் கிளம்புகின்றன. உள்ளே போன காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல், மணமறியும் பின்னறைக்குத் தனிவழியாகத் திரும்புகிறது. வெடிபொருள் கண்டறியும் கருவி செய்பவர்கள் இந்த அமைப்பைப் பின்பற்ற முயல்வதில் வியப்பில்லை.

2020ஆம் ஆண்டு சுவீடன், ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டனர். பழக்கப்பட்ட மூன்று நாய்கள், சூழலைவிடச் சற்றே சூடான ஒரு பொருளை 1.6 மீட்டர் தொலைவிலிருந்து வெப்பக் கதிர்வீச்சைக் கொண்டே கண்டுகொண்டன. ஈரமான, குளிர்ந்த மூக்கு நுனியே அங்கு உணர்கருவி என்று கருதுகின்றனர். அப்படியானால் நாய் கவுதாரியின் சூட்டையும் உணருமா? அங்கேதான் பறவை தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது. குளிரில் இறகைச் சிலிர்த்து உருண்டையாகிவிடும். இறகுகளிடையே சிறைப்பட்ட காற்று அரிய வெப்பக் காப்பு. உள்ளே 41 டிகிரி இருந்தாலும் இறகின் வெளிப்பரப்பு ஏறக்குறையச் சுற்றுக்காற்றின் வெப்பநிலையிலேயே நிற்கும்.

பறவையிடம் வேறு உபாயங்களும் உண்டு. நம் புதர்க்காடைகள் இரவில் தரையில் வட்டமாக, வாலை நடுவில் சேர்த்து, தலையை வெளிப்பக்கம் வைத்து நெருங்கி உட்காரும். சூடும் மிச்சம், எட்டுத் திசையும் காவல். நார்வேயில் அடைகாக்கும் டார்மிகன் பெட்டையை மனிதர் நெருங்கியபோது, அதன் இதயத்துடிப்பும் மூச்சும் குறைந்தன. மூச்சு குறைந்தால் வெளிவரும் மணமும் குறையத்தானே செய்யும்? கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான் இனங்கள் சில, வடக்கே அடைகாக்கும் காலத்தில் வாலடிச் சுரப்பியின் மெழுகை எளிதில் ஆவியாகாத வகைக்கு மாற்றிக்கொள்கின்றன. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஒன்று இந்த இரண்டாம் வகை மெழுகைக் கண்டுபிடிக்கத் திணறியது. ஆவி அழுத்தம் என்ற பாடத்தைப் பறவை நம்மைவிடப் பழைய காலத்திலேயே படித்துவிட்டது.

இத்தனை திறமையுள்ள மூக்கை வேட்டைக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சிறு வேட்டைக்கு உரிமம் பெற இடமிருந்தது; 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அதுவும் நீங்கியது. கவுதாரியைப் பிடிப்பதும் கொல்வதும் இன்று குற்றம். நாயை ஏவிப் பிடித்தாலும் குற்றமே. நியூசிலாந்தில் 1894ஆம் ஆண்டு ரெசல்யூஷன் தீவின் காப்பாளரான ரிச்சர்டு ஹென்றி என்பவர், வாய்க்கூடு போட்ட நாயைக் கொண்டு பறக்க மாட்டாத காக்காப்போ கிளிகளைத் தேடிப்பிடித்துப் பாதுகாப்பான தீவில் விட்டார். இந்தியாவில் 2008ஆம் ஆண்டு முதல் டிராஃபிக் அமைப்பு வனத்துறைகளுக்காக நாய்களைப் பயிற்றுவித்துவருகிறது. புலித்தோலும் எலும்பும் கடத்துவோரை அவை காட்டிக்கொடுக்கின்றன.

மாணவரிடம் ஒருவழியாக இவ்வளவையும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் கோடையில் கவுதாரிக்கு எங்கள் நாயால் ஆபத்தில்லை, இல்லையா சார்?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் மண்பானை நினைவுக்கு வந்தது. கவுதாரி கோடையில்தான் மும்முரமாக முட்டையிடுகிறது. அதுவும் தரையில், புல்லடியில், ஒரு சிறு குழியில். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலை நினைத்துப் பாருங்கள்: மண் ஈரம், காற்று அசையவில்லை, நாய்க்கு இரைப்பில்லை. மார்கழியின் நிலைமை முழுவதும் சித்திரைக்குத் திரும்பி வந்துவிடுகிறது, கூட்டில் முட்டை இருக்கும் நேரத்தில்.

இதைச் சொன்னதும் அவர் நோட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். “மழைக்கு மறுநாள் காலை, எட்டு மணிவரை நாயைக் கட்டிப்போடவும்” என்று இருந்தது.