கடல்மீது பழி போடுமுன்

நார்வேயின் மேற்குக் கரையோரக் கப்பல் பயணத்தில் பெரும்பாலும் பயமில்லை. கரையை ஒட்டி ஆயிரக்கணக்கான தீவுகள். வெளிக்கடல் அலையை அவை வாங்கிக்கொள்ளும். அந்தத் தீவு வேலி சில இடங்களில் அறுந்து கிடக்கிறது. அதில் ஒன்று மோல்டே நகருக்கு வடக்கே உள்ள ஹுஸ்டட்விகா.

வேலி இல்லாத இடமெல்லாம் இவ்வளவு மோசமா என்றால், இல்லை. இங்கே கடலடியும் சேர்ந்து கெடுக்கிறது. ஆழ்கடலில் நீண்டு படுத்து வரும் அலைக்கு, ஆழம் குறைந்ததும் தரை தட்டுப்பட்டு வேகம் குறையும். பின்னால் வருவது நெருக்கும். அலைக்கு அலை இடைவெளி சுருங்கச் சுருங்க உயரம் கூடும், செங்குத்தாகி உடையும். போதாததற்கு எங்கு பார்த்தாலும் பாறைத்திட்டுகள். அவை அலையைத் திருப்பிவிட, ஒன்றோடொன்று குறுக்கே வந்து மோதும்.

2019 மார்ச் 23 அன்று 'வைகிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பல் 1,373 பேருடன் இதற்குள் வந்தது. அலை ஒன்பது, பத்து மீட்டர். பிற்பகலில் எஞ்சின்கள் நின்றன, மின்சாரம் போனது.

ஏன் நின்றன? கையிலிருக்கும் தேநீர் டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். நிறைய இருந்தால் அடி மூடியே இருக்கும். கொஞ்சமாக இருந்தால் ஒரு ஓரம் வெறுமையாகிவிடும். எஞ்சினின் மசகெண்ணெய்த் தொட்டியிலும் அதுதான். கப்பல் ஆட, எண்ணெய் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்தது. அழுத்தம் விழுந்ததும் எஞ்சின் கெட்டுவிடாமல் தானியங்கி அமைப்பு அதை நிறுத்திவிட்டது. எஞ்சின் தப்பியது, கப்பல் பாறையை நோக்கி நகர்ந்தது! நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. மறுபடி எஞ்சினைக் கிளப்புவதற்குள், பாறைக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு கப்பல் நீளமே மிச்சம்.

ஹெலிகாப்டர்கள் 479 பேரை ஒவ்வொருவராகத் தூக்கின. மறுநாள் கப்பல் மோல்டே சேர்ந்தது. உயிரிழப்பு இல்லை.

பலர் அலையைத்தான் திட்டினார்கள். நார்வேயின் விசாரணை அறிக்கை 2024-இல் வந்தது. இருந்த நான்கு எஞ்சின்களில் ஒன்று முன்பே பழுதாகிக் கிடந்தது. மற்றவற்றில் எண்ணெய் இருக்கவேண்டிய அளவில் ஏறக்குறைய பாதிதான். அந்த நிலையில், அந்த வானிலையில், கப்பல் டிரொம்சோ துறைமுகத்தை விட்டே கிளம்பியிருக்கக் கூடாது என்பது அறிக்கையின் முடிவு. எனக்கும் அதுதான் சரியெனப்படுகிறது.