உயர்தர வகுப்பில் சமயமும் மெய்யியலும்

இங்கிலாந்தில் பதினாறு வயதிற் பொதுப் பரீட்சையை முடித்த மாணாக்கர், பல்கலைக்கழகம் புகுமுன் இரண்டாண்டு காலம் பெரும்பாலும் மூன்று பாடங்களை மாத்திரம் தெரிந்தெடுத்து ஆழ்ந்து கற்பர். இலங்கையின் உயர்தர வகுப்பும் அம்முறையின் வழி வந்ததே. அங்கு அவ்வாறு தெரிந்தெடுக்கத்தக்க பாடங்களுள் ஒன்று சமயக் கற்கை. சமயம், மெய்யியல், ஒழுக்கவியல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். இப்பாடத்தைக் குறித்து இருவகை ஐயம் எழுவதுண்டு. பிள்ளை தன் நம்பிக்கையை இழந்துவிடுமோ என அஞ்சுவர் சமயப் பற்றுடைய பெற்றோர். பாடசாலையிற் சமயப் பிரசாரம் நிகழுமோ என வினவுவர் ஏனையோர். அம்மாணாக்கர் உண்மையில் யாது செய்கின்றனர் என்பதை அறிந்தாலன்றி இவ்விரு ஐயமும் தெளியா.

இப்பாடத்தின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1870 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பணத்தில் நடைபெறும் பாடசாலைகளில் ஒரு திருச்சபைக்கே சிறப்பாக உரிய ஞானோபதேசத்தைக் கற்பிக்கலாகாது என விலக்கியது. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் சமய போதனையைக் கட்டாயமாக்கியதோடு, விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை அதனின்று விலக்கிக்கொள்ளும் உரிமையையும் பேணியது. 1988 இல், கிறித்துவம் முதன்மை பெறினும், நாட்டிலுள்ள ஏனைய பெருஞ் சமயங்களும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்ற விதி வந்தது. 1951 இல் உயர்தரப் பரீட்சை தொடங்கிய காலத்தில் விவிலிய நூற்பயிற்சியே சமய பாடத்தின் பெரும்பகுதியாய் விளங்கியது. இன்று நடைமுறையிலுள்ள பாடவிதானம் 2016 இல் கற்பிக்கப்படத் தொடங்கி, 2018 இல் முதற் பரீட்சையைக் கண்டது.

பரீட்சைச் சபைகள் பல உள. அவற்றுள் ஓ.சீ.ஆர். என்னும் சபையின் முறையை எடுத்துக்கொள்வோம். சமய மெய்யியல், சமய ஒழுக்கவியல், ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி என வினாப்பத்திரங்கள் மூன்று. மூன்றாவதில் கிறித்துவம், இஸ்லாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் என்பவற்றுள் ஒன்று கற்கப்படும். ஒவ்வொரு பத்திரத்திலும் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள் எழுதல் வேண்டும். ஒரு கட்டுரைக்குரிய 40 புள்ளிகளில் 16 புள்ளிகளே அறிவுக்கு உரியவை. எஞ்சிய 24 புள்ளிகள் சீர்தூக்கி மதிப்பிடும் திறனுக்கு உரியவை. மாணாக்கன் எதை நம்புகின்றான் என்பதற்குப் புள்ளி இல்லை. தன் முடிபுக்கு மாறான கருத்தை எத்துணை நேர்மையாக எடுத்துரைத்து, எவ்வாறு விடை கூறுகின்றான் என்பதே நோக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வில்லியம் பேலி என்னும் குருவானவர் 1802 இல் வெளியிட்ட நூலில், வெளியிற் கிடந்த கைக்கடிகாரம் ஒன்றைக் கண்டெடுத்தவன் அதனை ஆக்கியோன் ஒருவன் உளன் எனத் துணிவான் என்றார். அவ்வாறே கண் முதலிய உறுப்புகளின் அமைப்பைக் காண்போர் உலகைப் படைத்தோன் உளன் எனத் துணிதல் வேண்டும் என்பது அவர் வாதம். உலகம் கைவினைப் பொருளை ஒத்தது என்று கொள்வதற்கு ஆதாரம் யாது என்பது டேவிட் ஹியூமின் தடை. ஹியூம் பேலிக்கு மறுப்பெழுதினார் என மாணாக்கர் சிலர் எழுதிவிடுவர். உண்மையில் ஹியூம் 1776 இல் இறந்தார். அவருடைய உரையாடல் நூல் 1779 இல், பேலியின் நூலுக்கு 23 ஆண்டுகள் முன்னரே வெளிவந்தது. ஆதலின், முன்னரே எழுந்த தடைக்குப் பேலியின் வாதம் ஈடுகொடுக்கின்றதா என்பதே கேட்கவேண்டிய வினா. உறுப்புகளின் அமைப்புக்கு 1859 இல் டார்வின் கூறிய காரணம் இவ்வாதத்தை எவ்வளவு தாக்குகின்றது என்பதும் அதனோடு ஆராயப்படும்.

ஒழுக்கவியலிலும் இவ்வாறே. நண்பனைக் கொல்ல வருபவன், அவன் இருக்குமிடத்தை வினவினால் பொய் கூறலாமா? கூறலாகாது என 1797 இல் எழுதினார் ஜேர்மானிய அறிஞர் காண்ட். விளையும் இன்பதுன்பங்களைக் கணக்கிடும் பெந்தமின் கொள்கைப்படி, அப்பொய்யே தக்க செயலாகும். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்தை அறிந்த தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. ஆயினும் அந்நன்மையை முன்கூட்டியே அறிபவர் யார் என்ற காண்டின் ஐயத்தை எளிதிற் புறக்கணிக்கவும் இயலாது.

எதிர்க்கட்சியை முதலில் முழுமையாக எடுத்துரைத்தல் தமிழர் மரபுக்கும் உரியதே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக வகுத்தார். பிற சமயத்தார் கொள்கைகளைக் கூறி மறுத்தபின்னரே தம் சமயத்தை அவர் நிறுவினார். மறுப்பதற்கும் முதலில் அறிதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

இப்பாடத்தில் இடர் இல்லை என்று கூறுவதற்கில்லை. எல்லாம் வல்லவரும் அன்புருவினருமான கடவுளின் உலகில் துன்பம் ஏன் என்பது கற்கப்படும் வினாக்களுள் ஒன்று. அண்மையில் தாயை இழந்த மாணாக்கி அவ்வகுப்பில் இருக்கக்கூடும். துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் என்ற ஜோன் ஹிக்கின் விளக்கத்தை அவளிடம் ஆறுதலாக நீட்டுவதும் தவறு. அதனை எள்ளி நகையாடுவதும் தவறு. ஆசிரியரின் பொறுப்பு இங்குதான் மிகப் பெரிது. மற்றோர் இடர், அறிஞர் பெயர்களையும் ஆயத்த விடைகளையும் நெட்டுருச் செய்து பரீட்சையிற் கொட்டுவது. அவ்வாறு கற்றவனுக்கு 24 புள்ளிகளுள் சிலவே கிட்டும். பாடத்தின் பயனோ சிறிதும் கிட்டாது.

பெற்றோரின் அச்சத்துக்கு இனி விடை கூறலாம். இக்கல்வியின் பின் ஒருவனுடைய நம்பிக்கை உறுதிப்படலாம், மாறவும் கூடும். அதற்கு எந்தப் பாடவிதானமும் உறுதி கூற இயலாது. ஆனால் அயலவன் நம்புவதை அயலவனே ஒப்புக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைக்க அவன் பழகியிருப்பான். பல சமயத்தார் ஒரே தெருவில் வாழும் நாடுகளில் இப்பழக்கம் பதினெட்டு வயதுக்குள் கைவருதல் பெரிதும் நன்று.