தண்ணீர் புரையேறினால்

பக்கவாதம் வந்தவருக்குக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. தொண்டைத் தசையும் தளர்ந்து போகலாம். அது வெளியே தெரிவதில்லை. நடுக்குவாதம் உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

நம் தொண்டையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய். மற்றொன்று நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. தளர்ந்த தொண்டையில் இந்தக் கதவு தாமதமாக மூடும். தண்ணீர் அதுவரை காத்திருக்குமா? மளமளவென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இதைத்தான் புரையேறுவது என்கிறோம்.

புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். எப்போதோ ஒருமுறை என்றால் பரவாயில்லை. குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் சும்மா விடக் கூடாது. நுரையீரலில் நிமோனியா வந்து உயிரே போகலாம். சிலருக்கு இருமல்கூட வராது. குடித்த பிறகு குரல் மட்டும் ஈரமாக, கரகரவென்று கேட்கும். காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வரும்.

"தொண்டை வறளுது, ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று மாமனார் கேட்கிறார். மருமகள் பாசத்தோடு ஓடி வருகிறாள். படுத்திருப்பவரின் வாயில் அப்படியே ஊற்றுகிறாள். இந்தப் பாசம்தான் ஆபத்தாகிறது. அதற்காகத் தண்ணீரே கொடுக்காமல் இருக்க முடியுமா? உடம்பு வற்றிப்போகும். இதற்கு ஒரு வழி, பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுப்பது. கெட்டியான பானம் மெதுவாக இறங்கும். கதவு மூட நேரம் கிடைக்கும்.

பங்காருபாளையம் பக்கத்தில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு என்று தொடங்கலாம். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக் காய்ச்சுங்கள். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வடிகட்டிவிடுங்கள். கஞ்சி ஆற ஆறக் கெட்டியாகும். அதனால் குடிக்கும் சூட்டில்தான் பதம் பார்க்க வேண்டும். மாம்பழக் காலத்தில் பழச்சாற்றை நார் இல்லாமல் வடிகட்டிக் கொடுக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். கேழ்வரகுக் களி உருண்டை வேண்டாம். அது தொண்டையில் ஒட்டும். காபியில் நனைத்த ரொட்டியும் வேண்டாம். ரொட்டி வாயில் நிற்கும், காபி முன்னால் ஓடிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். எச்சில் பட்ட கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால், சிறிது நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடும். மாவுச்சத்தை உடைக்கும் பொருள் நம் எச்சிலில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். வெறும் தண்ணீரைக் கெட்டியாக்கப் பெரிய மருந்துக் கடைகளில் பொடி கிடைக்கிறது. சாந்தன் கோந்தில் செய்த பொடி எச்சிலில் அவ்வளவாக நீர்த்துப்போகாது. விலைதான் கொஞ்சம் அதிகம்.

எவ்வளவு கெட்டி? இதை நாமே முடிவு செய்யக் கூடாது. மிகவும் கெட்டியானால் தொண்டையிலேயே தங்கிவிடும். விழுங்குவதைச் சோதித்துச் சொல்பவர் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருப்பதி சுவிம்ஸ் மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது, "இவருக்கு எந்தப் பதத்தில் கொடுக்கலாம்?" என்று தவறாமல் கேளுங்கள்.

பதம் பார்க்க உலக நாடுகளில் ஒரு முறை இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு வேண்டும். அதில் 0 முதல் 10 வரை உள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அடித்துளையை விரலால் மூடி 10 மில்லி பானம் ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 விநாடி ஒழுக விடுங்கள். மறுபடி மூடுங்கள். தண்ணீர் என்றால் முழுவதும் ஓடியிருக்கும். 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் முதல் பதம். 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் பதம். 8-க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் பதம். பயிற்சியாளர் சொன்ன பதம் வரும்வரை மாவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

கொடுக்கும்போது நேராக உட்கார வையுங்கள். தலை பின்னால் சாயக் கூடாது. சிறு கரண்டியில் ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். அரைத் தூக்கத்தில் இருந்தால் கொடுக்கவே வேண்டாம். குடித்த பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காலையிலும் இரவிலும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாய் அழுக்காக இருந்தால் அந்தக் கிருமியும் நுரையீரலுக்குப் போகும்.

பக்கவாதம் வந்த உடனே வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மருத்துவர் சொன்ன பிறகே தண்ணீரும் கஞ்சியும்.

கெட்டிப் பானம் பலருக்குப் பிடிப்பதில்லை. குடிப்பது குறைந்துவிடும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறதா என்று பாருங்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை டம்ளர் உள்ளே போனது என்று எழுதி வையுங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.