வந்து போகும் விழாவும் தங்கி வாசிக்கும் விழாவும்

இசை விழா என்றால் நமக்கு முதலில் கையில் வேண்டியது ஒரு பட்டியல். எந்தத் தேதியில் யார், எந்த சபா, வயலின் யார், மிருதங்கம் யார். சென்னை சீசனுக்குப் பழகியவர்களுக்குப் பட்டியல் எவ்வளவு நீளமோ, விழா அவ்வளவு பெரிது. ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், ஐஃபெல் மலைப்பகுதியின் ஹைம்பாக் என்ற சிற்றூரில், ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கும் சேம்பர் இசை விழாவை இந்த அளவுகோலால் அளந்தால் அது மிகச் சிறியது. ஒரே அரங்கம், சுமார் ஒரு வாரம். ஆனாலும் ஐரோப்பாவின் முதல் வரிசைக் கலைஞர்கள் அங்கே வருகிறார்கள். வந்து, வாசித்து, மறுநாள் காலை விமானம் ஏறிவிடுவதில்லை. ஊரிலேயே தங்கிப் பகலில் ஒத்திகை பார்த்து மாலையில் மேடை ஏறுகிறார்கள். ஒரு விழா எத்தனை கச்சேரி நடத்தியது என்பதைவிட, கலைஞர்களை எத்தனை நாள் ஒன்றாக உட்கார வைத்தது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. ஹைம்பாக் அதற்கு நல்ல சாட்சி.

விழாவைத் தொடங்கியவர் பியானோ கலைஞர் லார்ஸ் ஃபோக்ட். பக்கத்து நகரமான டியூரனில் 1970-ல் பிறந்தவர். 1990-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்று உலக மேடைகளுக்குப் போனவர். 1998-ல் சொந்த மண்ணுக்குத் திரும்பி விழா எடுத்தபோது அவர் தேர்ந்தெடுத்த அரங்கம் ஒரு நீர்மின் நிலையம். ஊர்ஃப்ட் அணையின் தண்ணீரை மலையைக் குடைந்த 2.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கொண்டுவந்து மின்சாரம் எடுக்க 1905-ல் கட்டி முடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயமோ என்று நினைக்கத் தோன்றும். தொழிற்சாலைக்கும் அலங்காரம் வேண்டும் என்று நினைத்த காலத்துக் கட்டடம். முதலில் இருந்த எட்டு டர்பைன்களுக்குப் பதிலாக 1970-களில் இரண்டு புதிய டர்பைன்கள் வந்துவிட்டன. பழைய இயந்திரங்களில் சிலவற்றைக் காட்சிக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில்தான் பியானோவை வைத்து, ரசிகர்களுக்கு நாற்காலி போடுகிறார்கள். ஹைம்பாக்கின் மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம்.

தங்குவது ஏன் முக்கியம் என்பது சேம்பர் இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. நடத்துநர் கிடையாது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு வாத்தியம். எங்கே மூச்சு விடுவது, யார் தணிவது, யார் முன்னே வருவது எல்லாவற்றையும் வாசிப்பவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். நால்வர் குழுக்கள் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்கின்றன. ஆனால் இந்த இசையின் செல்வம் நால்வருக்கு எழுதியதோடு முடியவில்லை. ஷூபர்ட் 1824-ல் எழுதிய ஆக்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட், பஸூன், ஹார்ன், இரண்டு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ். ஆறு அங்கங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த எண்மரையும் நிரந்தரக் குழுவாக வைத்திருப்பவர்கள் அபூர்வம். ஒரே ஒரு கச்சேரிக்காக எட்டுப் பேரைத் தனித்தனியே அழைத்து ஒத்திகைக்கும் இடம் கொடுப்பது எந்த அமைப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்தால்? இன்று மூவர், நாளை ஐவர், மறுநாள் எண்மர் என்று அமைத்துக்கொள்ளலாம். வழக்கமான கச்சேரிப் பருவத்தில் தலைகாட்டாத எத்தனையோ படைப்புகள் இத்தகைய விழாக்களால்தான் காதில் விழுகின்றன.

படைப்புகள் பிறப்பதும் பல சமயம் இப்படித்தான். 1921-ல் ஜெர்மனியின் தென்மேற்கில் டோனௌஎஷிங்கன் என்ற சிறு நகரம் புதிய சேம்பர் இசைக்கென்று ஒரு விழா தொடங்கியது. இளைஞர் பால் ஹிண்டமித்தின் நால்வர் இசையை வாசிக்க வேண்டிய ஹாவமான் குழு முடியாது என்று கைவிரித்துவிட்டது. ஹிண்டமித் தானே வியோலாவை எடுத்துக்கொண்டார். தம்பி ருடால்ஃப் செல்லோ. லிக்கோ ஆமார் முதல் வயலின். அந்த ஒரு மேடைக்காகச் சேர்ந்தவர்கள் பிறகு ஆமார் குவார்டெட் என்ற பெயரில் பல ஆண்டுகள் புதிய இசைக்குக் குரல் கொடுத்தார்கள். இதைவிடக் கடுமையான உதாரணமும் அன்றைய ஜெர்மன் மண்ணில் உண்டு. கியோர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில் இசையமைப்பாளர் மெஸ்ஸியான் எழுதி 1941 ஜனவரி 15 அன்று அரங்கேறிய நால்வர் இசையில் கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற விசித்திரக் கூட்டணி இருப்பதற்குக் காரணம், முகாமில் இருந்த கலைஞர்கள் அவர்கள்தான் என்பதே. அது விழா அல்ல, சிறை. ஆனாலும் கூட இருப்பவர்களைப் பார்த்தே இந்த இசை எழுதப்படுகிறது என்பதற்கு அதைவிட அழுத்தமான ஆதாரம் கிடைக்காது. ஹைம்பாக் விழாவும் வாழும் இசையமைப்பாளர்களை அழைத்துப் புதிய படைப்புகளை எழுத வைத்திருக்கிறது.

இந்தத் தங்கும் மரபின் வேர் ஒன்றும் ஜெர்மன் வேரே. ஸீகனில் பிறந்த வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ் யூதர் அல்ல; ஆனாலும் 1933-ல் நாஜிகள் யூதர்கள் மீது கைவைத்தபோது இனி ஜெர்மனியில் வாசிக்க மாட்டேன் என்று விலகினார். அவரும் மருமகன் ருடால்ஃப் செர்கினும் மற்றவர்களோடு சேர்ந்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1951-ல் தொடங்கிய மார்ல்பரோ விழாவில், மூத்தவர்களும் இளையவர்களும் வாரக்கணக்கில் ஒரே குழுவில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். கச்சேரி அதன் பக்க விளைவு மாதிரிதான். ஜெர்மனி அன்று இழந்தது ஒரு வயலின் கலைஞரை மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கும் ஒரு முறையையும்தான்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. சில நூறு இருக்கைக்காக இவ்வளவு ஏற்பாடா, இது வசதி படைத்தவர்களின் கேளிக்கை இல்லையா என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. மலையடிவாரத்துச் சிற்றூருக்கு வந்து போகவே காசு வேண்டும். ஆனால் ஹைம்பாக் கச்சேரிகளை டாய்ச்லாண்ட்ஃபுங்க் என்ற பொது வானொலி பதிவுசெய்து ஒலிபரப்புகிறது, குறுந்தகடுகளும் வந்திருக்கின்றன. கூடத்தில் உட்கார்ந்தவர்களைவிடக் கேட்டவர்கள் பல மடங்கு. ஃபோக்ட் 2005-ல் தொடங்கிய இன்னொரு திட்டம் இசைக் கலைஞர்களைப் பள்ளிக்கூடங்களுக்கே அனுப்பியது. அடுத்தது, இது நண்பர்கள் வட்டம். அதே முகங்கள், வெளியாளுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டு. இதை நான் முழுவதும் தள்ளமாட்டேன். நட்பில் நடக்கும் விழா சோம்பலாக மாற அதிக நாள் ஆகாது. இளையவர்களை அதே குழுவில் உட்கார வைப்பதும், முன்பின் கேட்டிராத புதிய இசையை எல்லோர் கையிலும் கொடுப்பதும்தான் அதற்கு மருந்து. ஒருவரை நம்பி நிற்கும் விழா அவரோடு போய்விடும் என்ற பயமும் உண்டு. ஃபோக்ட் புற்றுநோயால் 2022 செப்டம்பர் 5 அன்று, 51 வயதில் காலமானார். அவரோடு ஆண்டுதோறும் வாசித்தவர்கள் விழாவைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். பெயர்களின் பட்டியலாக இருந்த விழாவென்றால் பெரிய பெயர் போனதும் தடுமாறியிருக்கும். சேர்ந்து உழைத்துப் பழகியவர்களுக்குப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

நம் ரசிகர்கள் எழுப்பக்கூடிய மறுப்பு வேறு. கர்நாடக சங்கீதம் மனோதர்மம். ஒத்திகை பார்த்த நிரவல் நிரவலே அல்ல. மேடையில்தான் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் சந்திக்க வேண்டும், அந்த ஆபத்தில்தான் சுவை என்பார்கள். எழுதிவைத்த இசையை வாசிப்பவர்களின் வழக்கத்தை நம்மீது ஏற்றக்கூடாது என்பது சரிதான். ஆனால் மனோதர்மத்துக்கும் பழக்கம் எதிரியல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு டி.கே. மூர்த்தி பல பத்தாண்டுகள் மிருதங்கம் வாசித்தார். ராதா விஸ்வநாதன் கூடவே பாடினார். அந்தக் கச்சேரிகளில் யாரும் சுவை குறைந்ததென்று சொன்னதில்லை. இன்னும் பழைய உதாரணம் நம் கோயில்களில் இருக்கிறது. பிரம்மோற்சவம் பத்து நாளும் நாகஸ்வர மேளம் ஊரில் தங்கி, காலைக்கு ஒரு ராகம், புறப்பாட்டுக்கு மல்லாரி, இரவு வீதி நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்தது தனித்தனி ஸ்லாட்டுகளில் பிறந்த கலையல்ல. சீசனில் ஒரே நாளில் இரண்டு மூன்று சபாவுக்கு ஓடும் வயலின் கலைஞரிடம் அதே ஆழத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

இதற்காக மார்கழி சீசனைக் கலைக்க வேண்டியதில்லை. அதன் கூட்டமும் கேன்டீன் காபியும் அதற்கே உரிய அழகு. ஏதாவது ஒரு சபா, ஒரே ஓர் ஆண்டு, தன் பட்டியலில் ஒரு வாரத்தை மட்டும் ஒதுக்கட்டும். மூத்தவர் இருவர், இளையவர் நால்வர், ஒரு தவில்காரர், ஒரு வீணைக் கலைஞர் என்று எட்டுப் பேரை ஒரே ஊரில் தங்கவைத்து, பகலெல்லாம் அவர்களைத் தங்களுக்குள் பாடிப் பேசவிட்டு, மாலையில் நமக்கு ஒரு கச்சேரி தரச் சொல்லட்டும். சென்னைதான் வேண்டுமென்பதில்லை, கும்பகோணமோ திருவாரூரோ போதும். செலவு ஒரு வாரச் சாப்பாடும் தங்குமிடமும் சன்மானமும். சபா செயலாளர்கள் அடுத்த சீசனுக்குத் தேதி பேச ஆரம்பிக்கும்போது இதையும் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.